பன்னிரண்டு பைப்பும் ஓமப்பொடி அச்சும்

என் தங்கை அன்னத்தாய் ஜெயித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். எதையும் கூட்டிச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்.

எட்டு வயதில், பெரிய பொம்பளைகள் இடித்துத் தள்ளுகிற குழாயடி வரிசையில் எங்கள் குடத்துக்கு முதல் இடம் பிடித்தாள். பதினாறு வயதில், நிறைந்து நிற்கும் டிரம்மை மொள்ளாமலும் சாய்க்காமலும் தண்ணீரை விளிம்பு தாண்டி வெளியே வரவைக்கிறேன் என்று பந்தயம் கட்டி, ஒரு ரப்பர் குழாயை வைத்தே வரவைத்து, இரண்டு வடாபாவ் ஜெயித்தாள். முதல் இரண்டு தடவை குழாய்க்குள் காற்று புகுந்து கெடுத்துவிட்டது. மூன்றாம் தடவை குழாய் முழுக்கத் தண்ணீரை நிரப்பி, இரண்டு முனையையும் விரலால் பொத்திக்கொண்டு போய் வைத்தாள். கல்யாணமான மறு வருஷம், பொங்கலுக்கு நடந்த கோலப் போட்டியில் எவர்சில்வர் குடம் வாங்கினாள். கோலத்தின் நடுவில் விளக்கு இருக்க வேண்டும் என்பது விதி. அவள் கோலத்தில் நான்கு புள்ளிதான் இருந்தது. ஆனால் நடுவில் குழாய்த் தண்ணீர் விழுந்து ஒரு கரண்டிச் சக்கரம் சுற்ற, அதோடு கட்டிய பழைய டேப் ரிகார்டர் மோட்டாரிலிருந்து குட்டி சிவப்பு பல்பு எரிந்தது. கோலத்தை யார் பார்த்தார்கள்?

பிறகு, எங்கள் சந்தின் முதல் வீட்டுக்காரரும் மளிகைக் கடைக்காரருமான சந்தியாகு அண்ணாச்சியை ஒரு சொம்புத் தண்ணீரால் தூக்கி, ஒரு கிலோ சீனி ஜெயித்தாள். கடைசியாக, பன்னிரண்டு வீட்டுக்குத் தண்ணீர்.

இத்தனையும் பள்ளிக்கூடம் போகாதவள் ஜெயித்தது. மும்பை தாராவிக்கு நாங்கள் வந்தபோது நான் தமிழ் ஸ்கூலில் மூன்றாவது சேர்ந்துவிட்டேன், ஏழாவது வரை படித்தேன். தண்ணீர் வருவதும் ஸ்கூல் மணி அடிப்பதும் ஒரே நேரம். அம்மாவும் அப்பாவும் தோல் பட்டறைக்குப் போய்விடுவார்கள். யாராவது ஒருவர் குழாயடியில் நிற்க வேண்டும். அன்னத்தாய் நின்றாள்.

நின்றவள் சும்மா நிற்கவில்லை. டிரம் ஓட்டையானால் மற்றவர்கள் மெழுகை உருக்கி அடைப்பார்கள். இவள் முதலில் விரலை வைத்துப் பார்ப்பாள். மேலே இருக்கிற ஓட்டையை லேசாகத் தொட்டாலே நின்றுவிடுகிறது, அடியில் இருக்கிற ஓட்டையைப் பொத்தினால் விரல் வலிக்கிறது, ஏன்? இதை என்னிடம் கேட்டாள், அப்பாவிடம் கேட்டாள், டிரம் விற்கிறவரிடம் இந்தியில் கேட்டாள். அவர், "டிரம் வேணுமா, வேண்டாமா?" என்று மட்டும் கேட்டார்.

ஸ்மார்ட்போன் வந்த பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. எழுத்து தெரியாதவர்களுக்கும் பேசினால் பதில் சொல்லும் போன் அது. முறுக்கு சுற்றிக்கொண்டே போனைப் பார்த்துக் கேட்பாள். அவள் தொழில் முறுக்கும் ஓமப்பொடியும் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது. அவள் மாப்பிள்ளை விக்ரோலியில் வாட்ச்மேன். "தண்ணி கனமா, ஒசரமா, எது தள்ளுது?" என்று கேட்டால் போன் சில சமயம் எடை குறைக்க டயட் சொல்லும். அவள் விடமாட்டாள். வேறு மாதிரிக் கேட்பாள். அப்படித்தான் ஒரு நாள், பெரிய பீப்பாயில் ஒல்லியான நீளக் குழாயைச் செருகி, நான்கு டம்ளர் தண்ணீர் ஊற்றியே பீப்பாயை உடைத்த ஒரு வெளிநாட்டுக்காரர் கதையைக் கேட்டுவிட்டு ஏணியில் இறங்கி ஓடி வந்தாள்.

"அக்கா, ஒங்கிட்ட வெந்நீர் பேக் இருக்குல்லா? குடு."

"யாருக்கு இடுப்பு வலி?"

"யாருக்கும் இல்ல. சந்தியாகு அண்ணாச்சிய தூக்கணும்."

ரப்பர் பையின் வாயில் மெல்லிய குழாயை இறுக்கிக் கட்டினாள். பையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தரையில் போட்டு, மேலே பலகையை வைத்தாள். குழாயின் மறுமுனை அவளுடைய மாடி அறையின் ஜன்னலில். அண்ணாச்சியைப் பலகையில் உட்காரச் சொன்னாள். அவர் தொண்ணூறு கிலோவுக்குக் குறையாத மனிதர்.

"ஒரு சொம்புத் தண்ணியா என்னத் தூக்கும்? தூக்கினா ஒரு கிலோ சீனி தாரேன். தூக்கலேன்னா ஒரு மாசத்துக்கு முறுக்கு ஓசி," என்றார்.

மேலே போய் ஊற்றினாள். நான் கீழே தரையோடு தலையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பை மூச்சு இழுத்தது மாதிரி உப்பியது. பலகை அசைந்தது. அண்ணாச்சியின் கால் கட்டைவிரல்கள் தரையைத் தேடின.

"ஏ, எவம்லே கீழ கெடந்து தள்ளுதது?"

"யாரும் இல்ல அண்ணாச்சி," என்று ஜன்னலிலிருந்து சத்தம் வந்தது. "சொம்புல இன்னும் பாதி கெடக்கு. ஊத்தட்டா?"

கடையில் அளந்துகொண்டிருந்த துவரம்பருப்புத் தட்டோடு ஓடி வந்து பார்த்த அவர் மனைவி கிளாரா மைனி சிரித்ததில் பருப்பு சிதறிவிட்டது. சீனியையும் அவர்தான் கட்டிக் கொடுத்தார்.

"தண்ணி எவ்ளோங்கறதுல இல்லக்கா," என்று அன்னத்தாய் அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எவ்ளோ ஒசரத்துல நிக்கிங்கறதுலதான் இருக்கு. ஒல்லிக் குழாயா இருந்தாலும், தடிக் குழாயா இருந்தாலும், ஒசரம் ஒண்ணுன்னா தள்ளுதது ஒண்ணுதான்." அவள் கை சூடாக இருந்தது.

ஆனால் இந்த உண்மையே அவளைப் பிறகு தூங்கவிடாமல் செய்தது. காரணம் எங்கள் சந்தின் பைப்புகள்.

தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து எங்கள் சந்து உள்ளே நீள்கிறது. சந்து முனையில் மீட்டர். அங்கிருந்து பன்னிரண்டு வீட்டுக்கும் பன்னிரண்டு அரை இஞ்ச் பைப்புகள், கட்டர் என்று நாங்கள் சொல்லும் சாக்கடையை ஒட்டி, ஒரு கட்டு விறகு மாதிரி ஓடும். யாருடையது எது என்று தெரிய ஒவ்வொருவரும் ஒரு கலர் பெயின்ட் அடித்திருப்போம். என்னுடையது பச்சை. அவரவர் பைப், அவரவர் தண்ணீர். அதில் கை வைத்தால் சண்டை. முதல் வீட்டில் அண்ணாச்சிக்கு வாளி கண் மூடித் திறப்பதற்குள் நிறையும். நடுவில் எனக்குப் பரவாயில்லை. கடைசி நான்கு வீட்டுக்கு நூல் மாதிரி ஒழுகும். அன்னத்தாய் வீடுதான் கடைசி. குடம் நிறைவதற்குள் தண்ணீர் நேரம் முடிந்துவிடும்.

போன வருஷம் மே மாதம் வார்டு ஆபீஸிலிருந்து கட்டரை உடைத்துப் புதிதாகக் கட்ட வந்தார்கள். பைப்புகளையெல்லாம் மேலே தூக்கிப் போட்டார்கள். சனிக்கிழமை கான்கிரீட், அதற்குள் அவரவர் பைப்பைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கான்கிரீட் விழுந்தால் பிறகு யாரும் தோண்ட விடமாட்டார்கள். கடைசி நான்கு வீடும் இன்னும் எத்தனை வருஷத்துக்கு நூல் தண்ணீரில் கிடக்க வேண்டும் என்பது அந்த ஒரு வாரத்தில் இருந்தது.

முதல் நாள் காலை, யாரும் குழாய் திறப்பதற்கு முன்பே என்னைத் தன் வீட்டு வாசலுக்கு இழுத்துப் போனாள்.

"விரல வை."

வைத்தேன். மூடியிருந்த குழாயைத் துளி திறந்ததும் விரலைத் தள்ளிக்கொண்டு பீய்ச்சியது.

"பாத்தியா? அண்ணாச்சி வீட்டுல எவ்ளோ தள்ளுதோ, அவ்ளோ இங்கனயும் தள்ளுது. இப்ப நல்லாத் தொற."

திறந்தேன். சரசரவென்று வந்து, சோர்ந்து, நூலாகிவிட்டது.

"தண்ணி நிக்கையில இருக்குத பலம் ஓடுதப்ப எங்க போவுது?" என்றாள். "வழியில எவனோ திங்கான்."

அன்று முழுக்க அதே கேள்விதான். சாயங்காலம் ஓமப்பொடி ஆர்டர். நானும் கிளாரா மைனியும் கைகொடுக்கப் போயிருந்தோம். மைனி மாவு பிழியும் உரலை அழுத்தி அழுத்தி, "கை ஒடியுது பிள்ள. இந்த அச்ச மாத்திட்டு முறுக்கு அச்சப் போடேன்," என்றார். அன்னத்தாய் அச்சை மாற்றி, அதே மாவை வைத்துக் கொடுத்தாள். முறுக்கு சுலபமாக இறங்கியது. அவள் திடீரென்று அடுப்பை அணைத்தாள். எண்ணெய்ச் சட்டியில் பாதி வெந்தது கிடந்தது.

"மைனி, மறுபடி ஓமப்பொடி அச்சுல அமுக்குங்க."

"ஏட்டி, மனுசிய கொல்லுதியா?"

"ஒரே ஒரு தடவ."

அமுக்கினார். பிறகு முறுக்கு அச்சு. பிறகு ஓமப்பொடி. அன்னத்தாய் அச்சுத் தட்டை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து என்னைப் பார்த்தாள். அவள் முகத்தை அப்படி நான் கோலப் போட்டியில்கூடப் பார்த்ததில்லை.

"மாவு அதே மாவு. கை அதே கை. இதுல எத்தன ஓட்ட இருக்கு பாரு, இருந்தும் எறங்க மாட்டேங்கு. ஏன்? ஒவ்வொரு ஓட்டையும் சின்னது. போற மாவெல்லாம் செவத்தத் தேய்ச்சுக்கிட்டுப் போவுது. நம்ம சந்துல நடந்தா ரெண்டு தோளும் செவத்துல ஒரசுதுல்லா? தொண்ணூறு அடி ரோட்டுல ஓரத்துல போறவனுக்குத்தான் ஒரசும், நடுவுல போறவன் ஜாலியாப் போவான். நாம பன்னெண்டு பேரும் ஓமப்பொடி அச்சு வச்சிருக்கோம்க்கா. தண்ணியோட பலத்த அந்த ஒல்லி பைப்தான் திங்கு. பன்னெண்டையும் எடுத்துட்டு ஒரே தடி பைப் போட்டா?"

மறுநாள் எங்கள் பிளம்பர் ஜெயினுலாப்தீன் பாயிடம் போனோம். கடையநல்லூர்க்காரர், லைசென்ஸ் உள்ளவர். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவர் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார்.

"இதத்தான் தங்கச்சி நான் ஒவ்வொரு சந்துலயும் கரடியாக் கத்துதேன். ரெண்டு இஞ்ச் பைப் ஒண்ணு, அரை இஞ்ச் பைப் பன்னெண்ட விட ரெண்டு மடங்குக்கு மேல தண்ணி தள்ளும். பொது பைப்னா ஒருத்தனும் சம்மதிக்க மாட்டான். நீ சம்மதிக்க வையி. நான் போட்டுத் தாரேன்."

இரண்டு இஞ்ச்தானா என்று பிறகு நானே அவரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். இரண்டேதான்.

சந்து கூடியது. சம்மதிக்க வைப்பது பைப் போடுவதைவிடக் கஷ்டம். சந்தையே இடித்துவிட்டு பில்டிங் கட்டித் தரப்போகிறார்கள், பைப் எதற்கு என்றார் ஒருவர். அந்த பில்டிங் தன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வந்துகொண்டிருக்கிறது என்றார் இன்னொருவர். அண்ணாச்சிதான் சரியான கேள்வியைக் கேட்டார்.

"நான் மொத வீடு. நான் தொறந்து போட்டா எல்லாத் தண்ணியும் எங்கிட்ட வந்துரும். ஒனக்கு எப்பிடி வரும்?"

"ஒங்க வீட்டுக் குழாய் வாய் அரை இஞ்ச்தான அண்ணாச்சி? தடி பைப்புக்குள்ள பலம் கொறையாது. ஒங்க வாசல்ல எவ்ளோவோ, கிட்டத்தட்ட அவ்ளோ என் வாசல்லயும் நிக்கும். அவங்கவங்க வாய் அளவுதான் அவங்கவங்களுக்கு வரும்."

"வாயப் பத்தி நீ பேசாத."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் உரலையும் இரண்டு அச்சையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். அவர் ஓமப்பொடியை அழுத்தினார். வேர்த்தது. முறுக்கு அச்சில் அழுத்தினார். சரசரவென்று இறங்கித் தாம்பாளத்தில் விழுந்தது. உரல் ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்தது. பன்னிரண்டு வீட்டுப் பொம்பளைகளும் ஓமப்பொடி போட்டுக் கை நொந்தவர்கள். அவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. கிளாரா மைனி முடித்துவைத்தார்.

"நீங்க சும்ம இருங்க. மாவு பெசைஞ்சவளுக்குத் தெரியும். போடச் சொல்லுங்க."

அண்ணாச்சி இறங்கினார், ஆனால் முழுதாக இல்லை. "போடட்டும். ஆனா இது சிமென்டுக்கு அடியில போற காரியம். வெள்ளிக்கிழமைக்குள்ள கடைசி வீட்டுல தண்ணி வரணும். வரலேன்னா பழையபடி அவனவன் பைப். இன்னொண்ணு, பொது லைன்னா ஆபீஸ்ல குடுக்குத பாரத்துல செக்ரட்டரின்னு ஒரு பேர் வேணும். நாளைக்கு ஏதும் ஆச்சுன்னா நான் யாரக் கேப்பேன்?"

"என்னக் கேளுங்க," என்றாள் அன்னத்தாய்.

"கைநாட்டு செக்ரட்டரியா?"

ரேஷன் கார்டு, பேங்க், ஆதார் எல்லாவற்றிலும் அவளுக்கு இதுவரை கட்டைவிரல்தான். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து, "அக்கா, எம் பேர மட்டும் எழுதிக் காட்டு. வேற ஒண்ணும் வேண்டாம்," என்றாள். எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்துப் பார்த்து, நனைந்த விரலால் டிரம் மூடியில் எழுதிப் பழகினாள். ஒரு எழுத்து முடிவதற்குள் முதல் எழுத்து காய்ந்துவிடும். மறுபடி அ.

பாய் புதன்கிழமை பைப்பை இறக்கினார். வியாழக்கிழமை காலை தண்ணீர் வரும் நேரத்தில் சந்து முழுக்க வாசலில். அண்ணாச்சி குழாயில் முன்பு மாதிரியே கொட்டியது. "எனக்கு ஒரு கொறையும் இல்ல," என்றார் வியப்பாக. மூன்றாம் வீடு, நான்காம் வீடு, என் வீடு. நான் திறந்தேன். என் வாளிக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. ஏழாம் வீடு. எல்லோரும் கூடவே நடந்தோம்.

எட்டாம் வீட்டுக் குழாய் இருமியது. புஸ் என்று கொஞ்சம் காற்று, இரண்டு சொட்டு. ஒன்பது, பத்து, அதே இருமல். அன்னத்தாய் வீட்டில் அதுகூட இல்லை.

தண்ணீர் நேரம் போய்க்கொண்டிருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை.

"போச்சா?" என்றார் அண்ணாச்சி. கிண்டலாக இல்லை. அவருக்கும் வருத்தம்தான்.

அன்னத்தாய் சேலையைச் செருகிக்கொண்டு தோண்டிய பள்ளத்தில் இறங்கிப் பைப்பில் காதை வைத்தாள். கடைசியிலிருந்து ஒவ்வொரு வீடாக நகர்ந்து வந்தாள். ஏழாம் வீட்டுக்கும் எட்டாம் வீட்டுக்கும் நடுவில் பழைய கல் பாலம் ஒன்று உண்டு. அதைத் தாண்டுவதற்காகப் பைப் அங்கே கூன் விழுந்தது மாதிரி மேலே ஏறி இறங்கும். அந்தக் கூனில் காதை வைத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

"பாய், இங்கன வாங்க. குளுகுளுன்னு கேக்கு. உள்ள காத்து குந்தியிருக்கு. அன்னைக்கு டிரம் பந்தயத்துல என்னக் கெடுத்ததும் இதேதான்."

பாயும் காதை வைத்தார். நெற்றியில் தட்டிக்கொண்டார். "மேட்டுல காத்துக்கு வழி விட மறந்துட்டேன் தங்கச்சி." ஸ்பேனரைப் போட்டுக் கூனில் இருந்த மூட்டைத் திருகினார்.

நான் அந்தச் சத்தத்தை இன்னும் மறக்கவில்லை. முதலில் பாம்பு மாதிரி ஒரு சீறல், நீளமாக. பிறகு துப்பல். பிறகு தண்ணீர் எழும்பிப் பாயின் சட்டையை நனைத்தது. அவர் மூட்டை இறுக்குவதற்குள் எட்டாம் வீட்டில் வாளி உருளும் சத்தம், ஒன்பதில் யாரோ "வருது வருது" என்று கத்துவது, பத்து, பதினொன்று. அன்னத்தாய் பள்ளத்தில் ஓடினாள். நான் மேலே ஓடினேன்.

அவள் குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் பன்னிரண்டு குழாயும் திறந்துதான் இருந்தன. அவள் கட்டைவிரலை வைத்து அடைக்கப் பார்த்தாள். அடைபடவில்லை. விரலைச் சுற்றிப் பீய்ச்சி அவள் முகம், என் முகம், வந்து நின்ற அண்ணாச்சியின் மூக்குக் கண்ணாடி எல்லாம் நனைந்தன. அவள் விரலை எடுக்கவே இல்லை. சிரித்துக்கொண்டே, "தள்ளுதுக்கா, தள்ளுதுக்கா," என்றாள்.

பாய் அந்தக் கூனில் காற்று போக ஒரு சின்னக் குழாய் பொருத்திவிட்டுப் போனார்.

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சரி செக்ரட்டரி. நாளைக்கு ஆபீஸ்ல போயி கைநாட்ட வச்சிட்டு வந்துரும்," என்றார். அவளை அவர் மரியாதையாக 'வந்துரும்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

"கைநாட்டு இல்ல அண்ணாச்சி," என்றாள். "பேரு."

மறுநாள் நானும் பாயும் கூடப் போனோம். பாரம் மராட்டியில் இருந்தது. செக்ரட்டரி என்ற இடத்தைப் பாய் விரலால் காட்டினார். கிளார்க் அம்மா வழக்கம்போல மைப் பெட்டியை நகர்த்தினார். அன்னத்தாய் அதைத் திரும்ப அவர் பக்கமே நகர்த்திவிட்டு, "தமிள் மே சலேகா?" என்று கேட்டாள், தமிழில் போட்டால் ஆகுமா என்று.

"சாலேல்," என்றார் அந்த அம்மா. ஆகட்டும் என்று அர்த்தம்.

பேனாவை இறுக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். கடைசி எழுத்தின் புள்ளியை வைத்துவிட்டுக் காகிதத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். இந்த எழுத்து காய்ந்தும் போகவில்லை.

அன்னத்தாய் முதன்முதலாகத் தன் பெயரைக் கையெழுத்திட்ட நாள்: 2024 மே 24, வெள்ளிக்கிழமை.